கீரிமலைக் கேணியும் ஒடியற் கூழும்

கேள்வி: ஆறில்லாத யாழ்ப்பாணத்தில், கடலோரக் கீரிமலையில் நன்னீர் எப்படி வருகிறது? போனால் என்ன சாப்பிடலாம்?

பதில்: யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறென்று சொல்ல மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாறுதான் உண்டு. மற்ற மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறங்கி, நிலத்தடியில் உப்புநீரின்மேல் மிதந்து, மெல்லக் கடலை நோக்கி நகர்கிறது. அது கரையில் ஊற்றாக வெளிப்படும் இடங்களில் ஒன்று கீரிமலை. ஊற்றுநீர் நிறையும் கேணிக்கும் அலைக்கும் இடையே ஒரு மதிலளவு தூரமே. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணிகள். நீச்சல் தெரிந்த பொடியன்கள் சுவரிலிருந்து குதிப்பதே அங்கு பெரிய விளையாட்டு.

கீரிமுகம் கொண்ட நகுலமுனிவர் இங்கு நீராடி அம்முகம் நீங்கினார் என்பது ஐதீகம். அருகிலுள்ள நகுலேஸ்வரம் ஈழத்தின் பஞ்சஈச்சரங்களுள் ஒன்று. ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் செய்வோர் கூட்டம் நெரியும். ஆறுதலாகக் குளிக்க விரும்புவோர் வேறு நாள் பார்ப்பது நல்லது.

சாப்பாட்டில் பனைக்கே முதலிடம்: பருவத்தில் நுங்கு, பனங்கிழங்கு, எப்போதும் பனாட்டு. மீனும் நண்டும் இறாலும் பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் சேர்த்து, காய்ந்த பனங்கிழங்கான ஒடியலின் மாவைக் கரைத்துக் காய்ச்சும் கூழைப் பனையோலைப் பிளாவில் சுடச்சுடக் குடிப்பது வழக்கம். கூழில் மீன் சேர்வதால், கோயிலுக்குப் போகிறவர்கள் தரிசனம் முடிந்தபின் அதைத் தேடலாம்.