ஏசி குளிரவில்லையா? கேஸ் போடும் முன் இதைப் பாருங்கள்!

கம்ப்யூட்டர் மெதுவாக இயங்கினால் உடனே ஹார்ட் டிஸ்க்கை மாற்றிவிடுகிறோமா? இல்லை. காரணம் என்னவென்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். ஆனால் ஏசி குளிரவில்லை என்றால் மட்டும், "கேஸ் போயிடுச்சு சார்" என்ற தீர்ப்பை அப்படியே ஏற்றுக்கொள்கிறோம்.

சென்ற கோடையில் அருப்புக்கோட்டைக்குப் போயிருந்தபோது எங்கள் வீட்டு ஏசிக்கும் இதே தீர்ப்புதான். அதற்கு முந்தைய வருடமும் கேஸ் போட்டிருந்தார்கள். இன்டோர் யூனிட்டின் முன்மூடியைத் திறந்தேன். ஃபில்டரில் வலையே தெரியவில்லை. திருச்சுழி ரோட்டுப் புழுதி கம்பளம் போல் படிந்திருந்தது. குழாய்த் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டினேன். அன்றிரவு அப்பா போர்வை கேட்டார்.

கேஸ் தீர்ந்துபோகுமா?

பெட்ரோல் போல கேஸ் செலவாவதில்லை. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது. அது குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றினால் அடுத்த கோடையிலும் பர்ஸைத் திறக்க வேண்டியதுதான்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ரிமோட்டில் கூல் மோடு, மிகக் குறைந்த டிகிரி, ஃபேன் ஹை என வைத்து 15 நிமிடம் ஓடவிடுங்கள். யூனிட் காற்றை உள்ளே இழுக்கும் மேல்பக்கத்திலும், குளிர்காற்று வெளிவரும் இடத்திலும் ஒரு சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் 8 முதல் 12 டிகிரி வரை வித்தியாசம் இருந்தால் (வறண்ட காற்றில் இன்னும் கூடலாம்) ஏசி தன் வேலையைச் செய்கிறது. குறை அறையில் இருக்கிறது. வெயிலைக் குடித்த மொட்டை மாடி, கதவு இடுக்கு, அறைக்குப் போதாத டன் என்று தேடுங்கள்.

வித்தியாசம் குறைவு என்றால் முதலில் ஃபில்டர், அடுத்து அவுட்டோர் யூனிட். இரண்டும் சுத்தமாக இருந்தும் இன்டோர் காயிலில் ஐஸ் கட்டுகிறது, அல்லது குழாய் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிகிறது என்றால் கசிவைச் சந்தேகிக்கலாம். அப்போது மெக்கானிக்கிடம், "நைட்ரஜன் வைத்து லீக் பார்த்து, அடைத்து, வேக்குவம் போட்டு, எடை பார்த்து கேஸ் ஏற்றுங்கள்" என்று கேளுங்கள். இன்றைய ஏசிகள் பலவற்றில் இருக்கும் ஆர்-32 தீப்பற்றக் கூடியது. உள்ளே கேஸ் இருக்கும்போது குழாயில் பற்றவைக்க விடாதீர்கள்.

அவுட்டோர் யூனிட்டைக் கழுவ எம்சிபியை ஆஃப் செய்துவிட்டு, மெல்லிய தாரையாகத் தண்ணீர் விடுங்கள். வேகமாக அடித்தால் தகடுகள் மடங்கிவிடும். நம் பகுதியில் பல வீட்டு போர் தண்ணீர் உப்பு. அது காய்ந்தால் தகடுகளில் வெள்ளை வெள்ளையாகப் படிந்து வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும். இதற்கு மட்டுமாவது ஒரு குடம் நல்ல தண்ணீர் செலவழியுங்கள், அம்மா திட்டினாலும் பரவாயில்லை!

தண்ணீர் சொட்டவில்லையே!

சென்னையில் ஏசி பார்த்துப் பழகியவர்கள் இங்கே வந்து பயப்படுவது இதற்குத்தான். சொட்டுவது காற்றிலுள்ள ஈரம். மே மாதக் கரிசல்காட்டுக் காற்றில் ஈரம் குறைவு, அதனால் சொட்டும் தண்ணீரும் குறைவு. பழுது அல்ல. இதே காரணத்தால் டிரை மோடும் இங்கே அதிகம் பயன்படாது. அது ஈரத்தை எடுக்க மட்டுமே கம்ப்ரசரை விட்டு விட்டு ஓட்டும். தெரியாமல் அந்த பட்டனை அழுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டவர்கள் உண்டு. (வேடிக்கை என்னவென்றால், 1906-ல் ஸ்டூவர்ட் கிராமர் என்ற அமெரிக்கர் 'ஏர் கண்டிஷனிங்' என்று பெயர் வைத்ததே நூல் மில்லின் காற்றில் ஈரத்தைச் சேர்ப்பதற்காகத்தான். நெசவு ஊர்க்காரர்களுக்கு இது புரியும்.)

அறைக்குள்ளேயே ஒழுகினால் டிரெயின் குழாயில் அடைப்பு இருக்கலாம், அல்லது அது மேல்நோக்கி வளைந்திருக்கலாம்.

கம்ப்ரசர் கிளம்பவில்லையா?

ஆஃப் செய்து ஆன் செய்தால் சுமார் 3 நிமிடம் கம்ப்ரசர் காத்திருக்கும். அது பாதுகாப்புக்கான ஏற்பாடு, பொறுங்கள். 'உம்ம்' என்று உறுமிவிட்டு நின்றுவிட்டால் வோல்டேஜ் குறைவாக இருக்கலாம், கெப்பாசிட்டர் போயிருக்கலாம். மாலையில் மட்டும் இப்படி ஆனால் ஸ்டெபிலைசர் மீட்டரைப் பாருங்கள். வழக்கமான 230 வோல்ட்டிலிருந்து மிகவும் இறங்கியிருந்தால் புகார் செய்ய வேண்டியது மின்வாரியத்திடம். கெப்பாசிட்டரை மட்டும் நீங்கள் தொடவே கூடாது. மெயினை ஆஃப் செய்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும்.

டிஸ்பிளேயில் ஈ, எஃப் போன்ற எழுத்தும் எண்ணும் மின்னினால் செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த எர்ரர் கோடுக்கு அர்த்தம் ஏசியுடன் வந்த புத்தகத்தில் இருக்கும்.