கூடுதலாக வந்த காசோலை

மகள் பல்கலைக்கழகம் போனபின் சும்மா கிடந்த வீணையை 900 டொலருக்கு இணையத்தில் விளம்பரம் செய்தோம். பேரம் பேசாமலே வெளிநாட்டார் ஒருவர் 2,400 டொலர் காசோலை அனுப்பி, மிகுதி 1,500ஐ வீணையை ஏற்றிச் செல்லும் முகவருக்கு உடனே அனுப்பச் சொன்னார். கணக்காளரான நாமே ஒருகணம் மயங்கினோம், வெட்கம்தான்.

அன்பர்கள் கவனிக்க: கணக்கில் காசு தெரிவது வேறு, காசோலை தேறுவது வேறு. வங்கி முதலில் வரவு வைத்தாலும், கள்ளக் காசோலை வாரங்கள் கழித்தும் திரும்பலாம். திரும்பினால் 2,400உம் நம் கணக்கில் பற்றாகும். முகவருக்குப் போன 1,500 நம்முடைய சொந்தக் காசு, அது வராது.

பேபால் மூலம் பெற்றாலும் வாங்கியவர் 180 நாட்களுக்குள் முறையிடலாம். 'பணம் வந்தது' என்ற மின்னஞ்சலை நம்பாது, கணக்கைத் திறந்து பாருங்கள்.

காசோலையை வங்கியில் காட்டினோம், போலி என்றார்கள். வீணை இன்னும் வீட்டில்தான்.