எந்த இன ஆடானாலும் தடுப்பூசி அளவு ஒன்றுதான்!

தங்கச்சி, "நம்ம கன்னி ஆடு சின்ன உடம்பு, பாதி மருந்து போதும்"னு யார் சொன்னாலும் கேட்காதே. ஜமுனாபாரி வாட்டசாட்டமா இருக்குன்னு கூட்டியும் போடச் சொல்லாதே. எடை பார்த்துக் கொடுக்கிறது குடற்புழு மருந்து. ஆட்டுக்கொல்லி நோய்க்கான பிபிஆர் தடுப்பூசி கொடி ஆடு, சேலம் கருப்பு, தலைச்சேரி, போயர் எல்லாத்துக்கும் 1 மில்லிதான், தோலுக்கு அடியில். குறைச்சுப் போட்டா எதிர்ப்புச் சக்தி சரியா வராது.

"நாட்டு ஆட்டுக்கு நோய் வராது"ங்கிறதையும் நம்பாதே. நம்ம நாட்டில் இந்த நோய் 1987-ல் முதன்முதலாத் தெரிய வந்ததே விழுப்புரம் பக்கம் அரசூர்ல, செம்மறி ஆடுகள்கிட்டதான். அங்கே எடுத்த வைரஸை வீரியம் குறைச்சுத்தான் நம்ம கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தடுப்பூசி செஞ்சது. வெள்ளாட்டுக்கும் அது காவல்.

இனத்தைவிட நீ கவனிக்க வேண்டியது இதெல்லாம்:

* வயசு: குட்டிக்கு 3 மாசம் முடியட்டும். அதுக்கு முன்னாடி தாய்ப்பால்ல வந்த எதிர்ப்புச் சக்தியே மருந்தை வேலை செய்ய விடாது.

* உடல்நிலை: காய்ச்சல், கழிச்சல், மூக்கொழுகல் இருந்தா அன்னைக்குப் போடாதே. 10 நாள் முன்னாடியே குடற்புழு நீக்கிடு.

* நிறைசினை: டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடு. காலைப் பிடிச்சு இழுக்காம, அணைச்சுப் பிடி.

* குளிர்ச்சி: பிபிஆர் மருந்தைக் கரைச்ச பிறகு பாட்டில் ஐஸ்மேலதான் இருக்கணும், 2 மணி நேரத்துக்குள்ள தீர்க்கணும். வெயில்ல வெச்ச மருந்து வெறும் தண்ணி.

* ஊசி: ஆட்டுக்கு ஒரு ஊசி. ஒரே ஊசியை எல்லாத்துக்கும் குத்தினா நோயைத்தான் பரப்புவோம்.

* போட்ட பிறகு: அரை மணி நேரம் பட்டியை விட்டு நகராதே. முகம் வீங்கினா, மூச்சு வாங்கினா உடனே டாக்டரைக் கூப்பிடு. லேசான காய்ச்சலோ, குத்தின இடத்தில் கொண்டைக்கடலை அளவு கட்டியோ வந்தா பயப்படாதே, தானா அடங்கிடும்.

* துள்ளுமாரி: இதுக்குத் தனி ஊசி, மழைக்காலத்துக்கு முன்னாடி. மழை பெஞ்சு முளைக்கிற இளம்புல்லை வயிறு முட்ட மேயறப்போதான் இந்த நோய் அடிக்கும். முதல் தடவை போடுற ஆட்டுக்கு 2, 3 வாரத்தில் இன்னொரு ஊசியும் வேணும்.

* புது ஆடு: சந்தையில் வாங்கினதை 3 வாரம் தனியாக் கட்டு. ஊசி போட்ட அன்னைக்கே பாதுகாப்பு வந்துடாது.

அரசு முகாம்ல பிபிஆர் ஊசி இலவசம். முகாம் தேதியைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு வெச்சுக்கோ. அன்னைக்கு மேய்ச்சலுக்கு ஓட்டாம, பட்டியில ஒண்ணு விடாம போட்டுடு.