சளித் தொல்லையும் வீட்டு வைத்தியமும்

குளிர்காலத்தில் ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீடுகளில் வெப்பமூட்டிகள் இயங்கத் தொடங்கியதும் காற்று வறண்டு, மூக்கடைப்பும் தொண்டைக் கரகரப்பும் மிகுகின்றன. சளி வைரஸ்களால் வருவது. ஆன்டிபயாடிக் அதற்குப் பயன்படாது. பெரும்பாலும் 7 முதல் 10 நாட்களில் தானே தணியும்.

அதுவரை ஓய்வும், மிளகு ரசம், சுக்குக் கஷாயம் போன்ற வெதுவெதுப்பான நீராகாரங்களும், உப்பு நீரால் கொப்பளித்தலும் இதமளிக்கும். இரவு இருமலுக்குத் தேன் நல்லது. ஆயினும், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் தரலாகாது; பொட்டுலிசம் என்னும் கொடிய நோய் வரக்கூடும். கொதிநீரில் ஆவி பிடிக்கையில் நீர் கவிழ்ந்து சுடக்கூடுமாதலால், சிறுவர்க்கு அம்முறை வேண்டா.

பூசைக் கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் கரைத்துக் குழந்தையின் மார்பில் தடவும் வழக்கம் நம்மிடையே உண்டு. இது தவிர்க்கத்தக்கது. அமெரிக்காவில் பூச்சு மருந்துகளில் கற்பூரம் 11 விழுக்காட்டை மீறலாகாது. பூசைக் கட்டியோ அதனினும் பன்மடங்கு செறிவுடையது. குழந்தை சிறிதளவு விழுங்கினாலும் வலிப்பு வரலாம். எனவே அதனை எட்டாத உயரத்தில் வைத்தல் வேண்டும். விழுங்கிவிட்டால் உடனே நச்சுத் தகவல் மையத்தை 1-800-222-1222 என்ற எண்ணில், எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். வலிப்பு கண்டால் 911.

மூன்று மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் 100.4 பாகையை எட்டினால், வீட்டு வைத்தியத்தில் காலந்தாழ்த்தாது மருத்துவரை உடனே நாடுதல் வேண்டும். மூச்சுத்திணறல் எவ்வயதினர்க்கும் அவசர நிலையே.