நடவாட்களுக்குச் சொற்பச் செலவில் கைபேசிப் பயிற்சி

நெற்பயிரில் நடவு வேலை சில நாட்களுக்குள் முடிந்துவிடும். அதற்கு வரும் ஆட்கள் பருவத்துக்குப் பருவம் மாறுகின்றனர். ஆதலால் அவர்களைப் பல நாள் வகுப்பில் அமர்த்துவது சாத்தியமன்று. ஆயினும், பயிற்சியின்மையால் நேரும் நஷ்டம் சிறிதன்று. திருந்திய நெல் சாகுபடியில் 14 நாள் வயதுள்ள நாற்றைக் குத்துக்கு ஒன்றாக, 22.5 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நட வேண்டும். பழைய வழக்கப்படி வேரை உதறி, முடி கட்டிக் காயவிட்டு, ஆழ நட்டால் ஒற்றை நாற்று பிழைப்பது அரிது. தவறிய பருவம் திரும்பி வராது.

இக்குறையை இணையத்தின் உதவியால் சிக்கனமாக நீக்கலாம்.

1. பாடங்கள்: ஒரு படத்தில் ஒரு வேலையை மாத்திரம், 3 நிமிஷத்துக்கு மேற்படாமல் காட்ட வேண்டும். நாற்றை மண்ணோடு பெயர்த்து அரை மணிக்குள் நடுதல், கயிறு கட்டிச் சதுரமிடுதல், மேலாக நடுதல், நட்ட 10 நாள் முதல் கோனோ களைக்கருவியை உருட்டுதல் ஆகிய நான்கும் போதும். அவ்வூரிலேயே கைதேர்ந்த நடவுப் பெண் ஒருவர் செய்து காட்ட, கைபேசியில் படம் பிடிப்பது நலம். தம்மைப் போன்றவர் செய்வதையே ஆட்கள் நம்புவர்.

2. செலவு: படத்தைக் குறைந்த தரத்தில் ஒரு கைபேசியில் இறக்கிக்கொண்டால், அதிலிருந்து பிற கைபேசிகளுக்கு இணையச் செலவின்றியே மாற்றலாம். சாதாரணப் பொத்தான் கைபேசி வைத்திருப்போருக்குக் குழுத் தலைவி தம் கைபேசியில் காட்டலாம். விலை கொடுத்துச் செயலி வாங்க வேண்டுவதில்லை.

3. செய்து பழகுதல்: படம் மாத்திரம் பார்த்தால் கை பழகாது. 2006-ல் பெங்களூரில் ஆராய்ச்சித் திட்டமாகத் தொடங்கிய டிஜிட்டல் கிரீன், உள்ளூர் விவசாயிகளின் படங்களைக் கிராமக் கூட்டங்களில் காட்டியது. இடையிடையே படத்தை நிறுத்திக் கேள்வி கேட்கவும் ஐயம் தீர்க்கவும் ஒருவர் உடனிருந்தார். இம்முறையையே இங்கும் கைக்கொள்க. பின்னர் ஒரு சென்ட் நிலத்தில் அனைவரும் நட்டுப் பழகட்டும். அந்நேரத்துக்கும் கூலி தருவது நியாயம். கூலியின்றி அழைத்தால் ஒரு நாள் பிழைப்பை விட்டு எவரும் வாரார்.

4. சோதித்தல்: இவ்விடைவெளியில் 1 சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 20 குத்துக்கள் இருக்க வேண்டும். நட்ட ஒரு வாரத்தில் வயலின் சில இடங்களில் எண்ணிப் பார்த்தால் எப்பாடம் பதியவில்லை என்பது விளங்கும். அதனை மறு வயலில் நடவு தொடங்குமுன் மீண்டும் காட்டுக.

ஊராட்சியார் மாலையில் ஒரு கட்டடத்தை ஒழித்துத் தந்து, படங்களைப் பத்திரப்படுத்தினால் அவை அடுத்த பருவத்துக்கும் பயன்படும். நாற்று விடும் நாளிலேயே நிலக்காரர்கள் இவ்வேற்பாட்டைத் தொடங்குவது உசிதம். அன்று முதல் நடவுக்கு இரண்டு வாரமே உண்டு.