வள்ளத்தின் வயிற்றில் தங்கிய நீர்

சீர்பாததேவி என்னும் இளவரசியின் கப்பல் கரைதட்டிய இடத்திலேயே சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயில் எழுந்தது என்ற ஐதீகத்தைப் பேணிவரும் வீரமுனையில் இன்று திரும்பிய பக்கமெல்லாம் வயல்வெளியே தெரியுமாயினும், அங்கிருந்து சில மைல் கிழக்கே சென்றால், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என்று நீளும் மணற்கரையில் பைபர் வள்ளங்கள் வரிசையாகக் கிடப்பதைக் காணலாம். 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி வந்த கடல்கோளில் இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை; அழிந்த தோணிகளுக்கு ஈடாக அதன்பின் வெகு அவசரத்தில் கட்டிக் கொடுக்கப்பட்ட வள்ளங்களுள் தரங்குறைந்தவை பல இருந்தன. அவற்றுக்கும், பிற்காலத்தில் வாங்கியவற்றுக்கும் பொதுவான ஒரு வியாதியைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். இருக்கைகளின் கீழும் இரட்டைத் தட்டின் நடுவிலும் போம் அடைத்து மூடிய மிதவை அறைகளுக்குள் நீர் புகுந்து, வெளியேற வழியின்றித் தங்கிவிடுவதே அது. கவாசாகி நிறுவனம் 1970களில் சந்தைக்குக் கொண்டுவந்த, நின்றபடி செலுத்தும் ஜெட்ஸ்கீயின் உடலுக்குள்ளும் இதே போம் உண்டு, இதே உபாதையும் உண்டு; ஆகையால் கீழே சொல்லும் முறை அதற்கும் பெரும்பாலும் பொருந்தும்.

ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோ எடை. நூறு லீற்றர் கொள்ளும் அறை முழுவதும் ஊறிவிட்டால், ஒரு மூட்டை நெல்லைவிட அதிகமான பாரத்தை வள்ளம் ஓயாது சுமப்பதோடு, கவிழும் வேளையில் அதைத் தாங்கவேண்டிய மிதப்புச் சக்தியும் அவ்வளவுக்குக் குறைந்துபோகும். மண்ணெண்ணெய் வீணாவது சிறிய நஷ்டமே. கவிழ்ந்த வள்ளத்தின் முதுகைப் பற்றிக்கொண்டு விடியும்வரை காத்திருக்கும் மனிதருக்கு அந்தப் போம் ஒன்றே ஆதாரம் என்பதால், இந்தப் பழுதை அடுத்த பருவத்துக்கு ஒத்திவைப்பது தகாது.

“வள்ளம் பாரமாக் கிடக்கு, காக்கா” என்று கரைக்கு இழுக்கும் இளைஞர்கள் சொல்லத் தொடங்கினால், அதைச் சோம்பல் என்று தள்ளிவிடாமல் பரிசோதனையை ஆரம்பிக்கவேண்டும். மரச் சுத்தியலின் பிடியால் அறையின் சுவரை ஒரு சாண் இடைவெளி விட்டுத் தட்டிக்கொண்டே சென்றால், காய்ந்த இடம் கணீரென்றும் நீர் தங்கிய இடம் மந்தமாகவும் ஒலிக்கும். ஒலி மாறும் எல்லையைச் சோக்கினால் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் துரப்பண ஊசியில் ஆழத்துக்கு அடையாளமாக ஒரு நாடாவைச் சுற்றி, அடிப்பாகத்தை ஒருபோதும் தொடாமல், அறையின் உட்சுவரில் ஆகத் தாழ்ந்த இடத்தில் 6 மில்லிமீற்றர் துளை ஒன்றிடுங்கள். கசியும் முதல் துளியை, அதில் எரிபொருள் வாடை இல்லையென்று முகர்ந்து தெளிந்தபின், நாவின் நுனியில் வைத்துப் பார்த்தால் பாதி நிதானம் அங்கேயே கிடைத்துவிடும்: உப்புக் கரித்தால் கடல்நீர், பெரும்பாலும் கீழிருந்து வந்தது, கரிக்காவிட்டால் வாடைக்காலத்தில் கரையில் கிடந்தபோது மேல்விளிம்பு வழியாக இறங்கிய மழைநீர்.

வடிப்பதற்கு வள்ளத்தின் அணியத்தை உயர்த்தி, பின்புறத்தைத் தாழ்த்தி வைக்கவேண்டும். அறையின் மேற்புறத்திலும் ஒரு துளை அவசியம். காற்று உட்புக இடமில்லாவிட்டால் நீர் சில துளிகள் விழுந்ததோடு நின்றுவிடும். ஒழுக்கு ஓய்ந்தபின் நல்ல தண்ணீரை மேல்துளையால் ஊற்றி, கீழ்த்துளையில் வருவது கரிக்காத வரைக்கும் கழுவுங்கள். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால், கழுவாத அறை எவ்வளவு வெயிலில் கிடந்தாலும் பூரணமாகக் காயாது.

இனி, நீர் வந்த வழி. ஒலுவிலில் 2013 இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் வாயை மணல் அடைத்துவிட, வள்ளங்களைத் தினந்தோறும் கரைமணலில் ஏற்றி இறக்குவதைத் தவிர இப்பகுதிக் கடற்றொழிலாளருக்கு வேறு கதியில்லை. ஆதலால் அடிமுதுகு தேய்ந்து கண்ணாடிநார் வெளித்தெரிகிறதா என்று முதலில் அங்கே பாருங்கள். அடுத்து, எஞ்சின் தாங்கும் பின்பலகையின் போல்ட் துளைகள், வடிதுளையைச் சுற்றியுள்ள ஓரம், மேல்விளிம்பின் பொருத்து. கண்ணுக்குப் புலப்படாத வெடிப்பைக் கண்டுபிடிக்க ஓர் எளிய உபாயம் உண்டு. ஒரு துளையை அடைத்து, மற்றதில் சைக்கிள் ரியூப்பின் வால்வைப் பதித்து, கைப்பம்பினால் மெல்ல ஊதிக்கொண்டே வெளிப்புறமெங்கும் சவர்க்கார நுரையைப் பூசினால், குமிழி எழும் இடமே குற்றவாளி. கராஜில் உள்ள கொம்பிரசரை இதற்குக் கொண்டுவரவே கூடாது. அந்த அமுக்கம் அறையையே பிளந்துவிடும்.

அதன்பின் வருவதே கஷ்டமான தீர்மானம். மெல்லிய இரும்புக் குழாய் ஒன்றைச் செலுத்திப் போமில் ஒரு துண்டை எடுத்துப் பிழிந்து பாருங்கள். வள்ளங்களில் இடும் பொலியூரித்தேன் போம் காய்ந்த நிலையில் ஒரு லீற்றர் அளவுக்கு ஏறத்தாழ 40 கிராம்தான் இருக்கும். அதைப்போல் பன்மடங்கு கனத்தால் அது ஊறிவிட்டது என்பதில் சந்தேகமில்லை. ஊறிய போமைக் கச்சான் காற்றிலும் வெயிலிலும் காயவைத்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். மேற்பரப்பு காயும், சிதைந்த நுண்ணறைகளுக்குள் அகப்பட்ட நீர் மாதக்கணக்கில் நகராது. அதை அகற்றுவதே சரி. அறையின் மேல்தட்டை, ஓரத்தில் இரண்டு அங்குல விளிம்பு விட்டு வெட்டித் திறந்து, ஈரப்போமை அடிவரை சுரண்டி எடுங்கள். வெட்டும்போதும் தேய்க்கும்போதும் முகமூடியும் கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள். கண்ணாடித்தூள் நெஞ்சுக்குள் போவது நல்லதன்று.

காய்ந்ததா என்று அறிய, ஒரு சதுரப் பொலித்தீனை உட்சுவரில் வைத்து நான்கு ஓரங்களையும் நாடாவால் ஒட்டி ஒரு பகல் வெயிலில் விடுங்கள். உட்புறம் வியர்த்தால் இன்னும் பொறுக்கவேண்டும். வெடிப்பை அடைக்கும்போது அதன் இரு பக்கத்தையும் தடிப்பைப்போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்கவேண்டும். 6 மில்லிமீற்றர் சுவருக்குப் பக்கத்துக்கு 7 சென்றிமீற்றர். அசெற்றோனால் துடைத்து, 450 கிராம் கண்ணாடிநார்ப் பாயைப் படிப்படியாக அகலம் கூட்டி இடுங்கள். நம் வெயிலில் 100 கிராம் பொலியெஸ்ரர் ரெசினுக்கு அதை இறுகவைக்கும் காடினர் ஒரு கிராமே போதும். அந்தக் காடினர் கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடலாம். இறுகுவதைத் துரிதப்படுத்தும் கோபால்ற் கரைசலோடு அதை நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். இந்த இரண்டையும் வேலைக்கு வரும் பையனுக்கு முன்கூட்டியே சொல்லிவிடவேண்டியது முதலாளியின் கடமை.

மீண்டும் நிரப்புவதற்கு மலிவாகக் கிடைக்கும் ரெஜிபோமை வாங்காதீர்கள். ரெசினும் பெற்றோலும் பட்டால் அது உருகிப்போகும். பொலியூரித்தேன் பாளங்களைத் தடித்த பொலித்தீனில் சுற்றி, அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு ஓடை விட்டு அடுக்குங்கள். அந்த ஓடை முடியும் தாழ்ந்த மூலையில், திருகிக் கழற்றக்கூடிய மூடியுடன் ஒரு வடிதுளை அமையுங்கள். கட்டுபவர்கள் பலர் இதைச் செய்வதில்லை. நீர் புகவே புகாது என்று எண்ணி நான்கு பக்கமும் அடைத்துவிடுகிறார்கள். புகும் என்று கருதி வழி வைப்பதே விவேகம்.

மேல்தட்டை ஒட்டி ஒரு வாரம் ஆனபின், எஞ்சினும் வலையும் ஏற்றி அரைநாள் அலையில் ஓடவிட்டு, கரைக்கு வந்தவுடன் மூடியைத் திருகிப் பாருங்கள். ஒரு சிரட்டை அளவு நீர் வந்தால்கூட நுரைப் பரிசோதனையை மறுபடி செய்யவேண்டும். துளியும் வராவிட்டால் மூடியின் புரியில் கிறீஸ் தடவி இறுக்கிவிட்டு, மாரி தொடங்குமுன் ஐப்பசியில் ஒருமுறையும், வள்ளத்தைத் திரும்ப இறக்கும்போது ஒருமுறையும் அதைத் திறந்து பாருங்கள்.