கொள்ளைநோயும் தொழிற்சாலையும்

ஊரில் கொள்ளைநோய் பரவுங்கால் பொருள் உடையோர் தம் வீட்டுக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருத்தல் கூடும். அன்றாடம் பெறும் கூலியைக் கொண்டு அன்றாடம் அடுப்பெரிக்கும் தொழிலாளி அவ்வாறு இருத்தல் இயலுமா? நோய்க்கு அஞ்சி வீட்டில் இருந்தால் பசி வருத்தும். பசிக்கு அஞ்சி வேலைக்குச் சென்றால் நோய் பற்றும். இவ்விரண்டு துன்பங்களுக்கும் இடையே நிற்கும் தொழிலாளிக்கு, அவனது உழைப்பைப் பெறும் முதலாளி செய்ய வேண்டிய கடமை யாது? இவ்வினாவிற்கு நம் நாடு நூறாண்டுகளுக்கு மேலாக விடை தேடி வந்துள்ளது.

1917-ஆம் ஆண்டில் குசராத்து மாநிலத்து அகமதாபாத் நகரில் பிளேக் நோய் பரவிற்று. அந்நகர் பஞ்சாலைகளுக்குப் பேர்போனது. நோய்க்கு அஞ்சிய மக்கள் நகரை விட்டு வெளியேறத் தொடங்கினர். முதல் உலகப் போர் நிகழ்ந்த அக்காலத்தில் துணியின் தேவை மிகுந்திருந்தது. தொழிலாளர் போய்விட்டால் தறிகள் நின்றுவிடும் என்று ஆலை முதலாளிகள் கவலையுற்றனர். ஆகவே, நகரில் தங்கி வேலை செய்வோருக்குக் கூலிக்கு மேல் ஒரு தொகை தருவதாக அறிவித்தனர். அதற்குப் 'பிளேக் போனஸ்' என்று பெயர். சிலருக்கு அத்தொகை கூலியில் 70 விழுக்காட்டிற்கு மேலும் இருந்தது. தொழிலாளர் பலர் தங்கினர், தறிகளும் ஓடின.

நோய் தணிந்ததும் 1918-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் போனசை நிறுத்த முதலாளிகள் முடிவு செய்தனர். ஆனால், போரினால் ஏறிய விலைவாசி இறங்கவில்லை. கூலியை உயர்த்துமாறு தொழிலாளர் கேட்டனர். முதலாளிகள் 20 விழுக்காடு தருவதாகக் கூறினர். காந்தியடிகள் ஆராய்ந்து 35 விழுக்காடு கேட்பதே நேர்மை என்றார். பிப்ரவரி 22-ஆம் நாள் ஆலைக் கதவுகள் அடைக்கப்பட்டன. ஆலை முதலாளிகளுக்குத் தலைமை தாங்கியவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்று உழைத்தவரோ அவருடைய உடன்பிறந்தாரான அனசூயா சாராபாய். தொழிலாளர் மனம் தளர்ந்தபோது காந்தியடிகள் மார்ச்சு 15-ஆம் நாள் உண்ணாநோன்பு மேற்கொண்டார். மூன்றாம் நாள் கடந்ததும் உடன்பாடு ஏற்பட்டது. வழக்கை ஆராய்ந்த நடுவர், 35 விழுக்காடே தகும் எனத் தீர்ப்பளித்தார்.

இவ்வரலாற்றைப் படிப்போர் பெரும்பாலும் போராட்டத்தையே எண்ணுவர். அதற்கு முன் கொடுக்கப்பட்ட போனசையும் நாம் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். கொடிய நோய் உலவும் நகரில் தொழிலாளியை நிறுத்தி வைப்பதற்காகக் கொடுக்கப்பட்ட பணம் அது. நோயினின்று அவனைக் காக்கும் ஆற்றல் அப்பணத்திற்கு இல்லை. கொடுத்தவர் கொடியவர் என்றோ, வாங்கியவர் அறியாதவர் என்றோ நாம் கூறல் பொருந்தாது. அந்நாளில் அவர்களுக்கு வேறு வழி காட்டும் சட்டம் நாட்டில் இல்லை. ஆபத்தின் நடுவே வருவதற்குக் கூலி உண்டு. ஆபத்து நீங்கும்வரை வராதிருப்பதற்குக் கூலி இல்லை. இதுவே அக்கால நிலை.

தொற்றுநோய் பரவும் வகையை அறிந்தால் இந்நிலையின் குறை விளங்கும். காய்ச்சலும் இருமலும் உடைய தொழிலாளி ஒருவன், ஒரு நாள் வராவிடில் ஒரு நாள் கூலி போய்விடும் என அஞ்சுகிறான். நோயை மறைத்து வேலைக்கு வருகிறான். காற்றோட்டம் இல்லாத கூடத்தில் பத்துப் பேர் அவன் அருகில் நின்று மூச்சு விடுகின்றனர். ஒரு வாரத்திற்குள் பலர் படுக்கையில் விழுகின்றனர். அவர்தம் வீடுகளிலும் நோய் புகுகிறது. இறுதியில் ஆலையே மூடப்படுகிறது. ஒருவனுக்குச் சில நாள் ஊதியத்தோடு ஓய்வு கொடுத்திருந்தால் இவ்வளவும் நேர்ந்திராது. சுழலும் பொறிக்குக் கம்பி வேலி இடுவதைப் பாதுகாப்பு என்கிறோம். நோயுற்றவனை ஊதியத்தோடு வீட்டில் இருக்கச் செய்வதும் அத்தகைய வேலியே ஆகும். பாதுகாப்பும் விடுமுறையும் ஒன்றையொன்று சார்ந்தவை.

நாடு விடுதலை பெற்றபின் இவ்வுண்மைக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், வேலைக்கூடங்களில் தூய்மையும் காற்றோட்டமும் இருத்தல் வேண்டும் என்றது. புதிய ஆலைகளில் ஆள் ஒன்றுக்கு 500 கன அடி இடம் வேண்டும் என்றும் வரையறுத்தது. பின்னர்த் திருத்தப்பட்ட அச்சட்டத்தின்படி, ஆண்டில் 240 நாள் உழைத்தவர் 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் ஊதியத்தோடு விடுமுறை பெற்றனர். 2020-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2025-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் முதல் அதன் இடத்தைப் பெற்றுள்ளது. அதன்படி விடுமுறைக்கு 180 நாள் உழைப்பே போதும்.

நோயுற்ற காலத்து ஊதியத்திற்கு வேறொரு வழி வகுக்கப்பட்டது. அதுவே ஈ.எஸ்.ஐ. என வழங்கும் தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டம். இதற்குரிய சட்டமும் 1948-ஆம் ஆண்டில் தோன்றியதே. 1952-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் கான்பூரில் நேரு பெருமகனார் இத்திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதலாளியும் தொழிலாளியும் மாதந்தோறும் ஒரு சிறு தொகையைப் பொது நிதியில் செலுத்துவர். 2019-ஆம் ஆண்டு சூலை முதல் ஊதியத்தில் முதலாளியின் பங்கு 3.25 விழுக்காடு, தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடு. நோயுற்ற தொழிலாளி மருத்துவம் பெறுவதோடு, ஊதியத்தில் 70 விழுக்காட்டை ஆண்டிற்கு 91 நாள் வரை பெறலாம். இவ்வுதவி பெறும் காலத்தில் தொழிலாளியை வேலையினின்று நீக்கலாகாது என்றும் 1948-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என நான்கு கூறுகளை மருத்துவத்திற்கு வகுத்தார் வள்ளுவர். தொழிற்சாலைகள் பெருகிய காலத்தில், நோயாளியின் ஊதியத்தைக் காப்போன் என ஐந்தாவது கூறு ஒன்றும் வேண்டுவதாயிற்று.

இவ்வேற்பாடுகளின் வலிமையைச் சோதிக்கும் காலம் 2020-ஆம் ஆண்டில் வந்தது. கோவிட் நோய் உலகெங்கும் பரவ, மார்ச்சு 25-ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கிற்று. தொழில் நடைபெறாத நாட்களுக்கும் ஊதியத்தைக் குறைக்காது தருக என்று மார்ச்சு 29-ஆம் நாள் நடுவண் அரசு முதலாளிகளுக்கு ஆணையிட்டது. வருவாயே இல்லாதபோது எங்ஙனம் ஊதியம் தருவது என்று சிறு தொழில் நடத்துவோர் பலர் வருந்தினர். மே மாதத்தில் அவ்வாணை நீங்கியது. சூன் 12-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், ஊதியம் பற்றி இரு சாராரும் கலந்து பேசி உடன்பாடு காண்க எனக் கூறிற்று. இதற்கிடையே பெருநகரங்களில் வேலையிழந்த எண்ணற்ற தொழிலாளர், குழந்தைகளைச் சுமந்து நெடுஞ்சாலைகளில் நடந்தே சொந்த ஊர் நோக்கிச் சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் ஈட்டுறுதித் திட்டத்திற்கு வெளியே இருந்தவர்கள்.

அடுத்த ஆண்டு அச்சோதனை தமிழ்நாட்டிற்கும் வந்தது. 2021-ஆம் ஆண்டு மே மாதம் நோயின் இரண்டாம் அலை கடுமையாக வீசியது. காஞ்சிபுரம் மாவட்டத்து ஒரகடத்தில் உள்ள கார்த் தொழிற்சாலை ஒன்றில், போதிய இடைவெளி இன்றி வேலை செய்ய நேர்வதாகத் தொழிலாளர் சங்கத்தார் சென்னை உயர் நீதிமன்றத்தில் முறையிட்டனர். கார் ஆலையில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்துகொண்டே இருக்கும். தொழிலாளர் வரிசையில் நின்று தத்தம் பகுதியைப் பொருத்துவர். ஒருவருக்குச் சற்றுக் காலம் தாழ்த்தினால் அவர் வண்டியோடு நகர்ந்து அடுத்தவர் இடத்திற்குள் புகுந்துவிடுவார். சில வண்டிகளுக்கு ஒருமுறை ஓர் இடத்தைக் காலியாக விட்டால் இந்நெருக்கம் குறையும். ஆனால், உருவாகும் வண்டிகளின் எண்ணிக்கையும் உடன் குறையும். எண்ணிக்கை பெரிதா, உயிர் பெரிதா என்பதே அங்கு எழுந்த வினா. மே 26 முதல் சில நாட்கள் ஆலை மூடப்பட்டது. தொழிற்பாதுகாப்புத் துறை அலுவலர் ஆலையை நேரில் பார்வையிடுமாறு நீதிமன்றம் பணித்தது. அகமதாபாத் தொழிலாளர் 1918-இல் கூலிக்காகப் போராடினர். ஒரகடத்துத் தொழிலாளரோ பாதுகாப்பாக நின்று உழைப்பதற்கு இடம் கேட்டனர்.

இந்நிகழ்ச்சிகளால் முதலாளியின் கடமைகள் தெளிவாகின்றன. வேலைக்கூடத்தில் காற்றும் இடைவெளியும் அமைத்தல், முகக்கவசமும் கைகழுவ நீரும் சோப்பும் தம் செலவில் வழங்கல், உணவுக்கூடத்திலும் பேருந்திலும் நெருக்கம் நேராதவாறு நேரத்தைப் பிரித்து வகுத்தல் ஆகியவை முதற்கடமைகள். நோயுற்றவனுக்கு ஊதியத்தோடு ஓய்வு அளித்தலும், நோயைச் சொன்னதற்காக அவனை ஒதுக்காதிருத்தலும் அவற்றோடு ஒத்த கடமைகள். தொழிலாளிக்கும் கடமை உண்டு. நோயை மறையாது கூறுதல் வேண்டும். ஆனால், உண்மை சொன்னால் பிழைப்புப் போகும் என்னும் அச்சம் நீங்கினாலன்றி அவன் உண்மை சொல்லான். அவ்வச்சத்தைப் போக்கவல்லவர் முதலாளியே.

சிறு தொழில் நடத்துவோர் இச்சுமை முழுவதையும் தனியே தாங்குதல் அரிது என்பதும் உண்மையே. அதனாலன்றோ பலரும் சிறிது சிறிதாகச் செலுத்தும் பொது நிதி தோன்றிற்று! நம் நாட்டுத் தொழிலாளருள் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் கட்டட வேலை, வீட்டு வேலை, சிறு கடை போன்ற அமைப்புசாராத் தொழில்களில் உள்ளனர். அவர்களுள் பெரும்பாலோருக்கு அந்நிதியின் நிழல் எட்டவில்லை.

இன்று மாணவராக உள்ள நீங்கள் நாளை தொழிலாளராகவோ, மேலாளராகவோ, முதலாளியாகவோ விளங்குவீர்கள். வீட்டில் வேலை செய்வாரை அமர்த்தும் ஒவ்வொருவரும் ஒருவகையில் முதலாளியே. அவர் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பும் நாளில், கூலியைக் குறைக்காது, "நலம் பெற்று வருக" என்று கூறுவோமாயின், சட்டம் எட்டாத இடத்திலும் அறம் எட்டியதாகும்.